மாமா ஆபீஸில் இருக்கிறார்

தட்டு இருந்தது. தட்டில் விரித்த கறுப்பு வெல்வெட் துணியும் இருந்தது. துணியின் நடுவே வட்டமாக ஒரு பள்ளம் பதிந்திருந்தது. அந்தப் பள்ளத்தில் இருந்திருக்க வேண்டிய சங்கிலி கோத்த சட்டைப்பைக் கடிகாரத்தைத்தான் காணவில்லை.

"இங்கதான் வச்சேன்," என்றார் கடிகாரம் பழுதுபார்ப்பவர். அதையே மறுபடியும் சொன்னார். பிறகு, மேசையில் இல்லாத பொருள் தம் கையில் இருக்குமோ என்பதைப் போல உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

கடிகாரத்துக்குச் சொந்தக்காரர் ஒரு வக்கீல். தம் தந்தையிடமிருந்து வந்த அந்தக் கடிகாரத்தை வாங்கிச் செல்லத்தான் வந்திருந்தார். அவர் ஒரு நொடியும் வீணாக்கவில்லை. வாசற்கதவில் முதுகைச் சாய்த்து வழியை மறித்துக்கொண்டு போலீசுக்குப் போன் செய்தார்.

"யாரும் ஒரு அடி வெளிய வைக்கக் கூடாது. முக்கியமா, அந்தப் பொண்ணு."

அந்தப் பெண் பழுதுபார்க்கும் கடிகாரக்காரரின் மருமகள். கணவன் கப்பலில் வேலை பார்க்கிறவன். ஆண்டில் பாதி நாள் கடலில் இருப்பான். அவள் சமையலறை வாசலில் ஈரக் கையோடு நின்றாள்.

இன்ஸ்பெக்டர் வந்தபோது மணி ஆறே முக்கால். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. சிரிப்பில் சிக்கனம் பிடிப்பவர். யார், எங்கே, எப்போது என்ற மூன்றும் இல்லாத வாக்கியத்தை அவர் வாக்கியமாகவே ஒப்புக்கொள்வதில்லை. அவரோடு வந்த சார்ஜன்ட் இதை அனுபவத்தில் அறிந்தவர். ஆகவே அதிகம் பேசுவதில்லை.

இன்ஸ்பெக்டர் முதலில் வீட்டை மனத்தில் வரைந்துகொண்டார். மூன்றாம் மாடி. வாசற்கதவைத் திறந்தால் ஹால். ஹாலிலிருந்து உள்ளே போகும் நடை ஒன்று. நடையில் முதல் கதவு வேலை அறை, அடுத்தது சமையலறை, கடைசியில் பின் அறை. வெளியே போக வாசலைத் தவிர வேறு வழி இல்லை.

ஹாலில் ஒரு சோபாவில் இரண்டு பூனைகள் ஒன்றன்மேல் ஒன்று தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தன. பெரியது சாம்பல் நிறம், கனத்த உடம்பு. சிறியது கறுப்பு, ஒல்லி. எதிர் நாற்காலியில் வழுக்கைத் தலையர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் கடிகாரக்காரரின் காலஞ்சென்ற மனைவிக்குத் தம்பி. பழம்பொருள் கடை வைத்திருப்பவர். அவர் காலடியில் பழைய போர்வையால் சுற்றிக் கயிறு கட்டிய மூட்டை ஒன்று இருந்தது.

"காணாமப் போனப்ப வீட்டுல யார் யார் இருந்தீங்க?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"நான், மருமக, மச்சான். மூணே பேர்," என்றார் கடிகாரக்காரர். "நான் பின் அறையில கதவைச் சாத்திக்கிட்டு இருந்தேன். மச்சான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். அந்த நேரத்துல நடமாடினது..." அவர் மருமகளைப் பார்த்தார். "நீ மட்டும்தானேம்மா."

அவள் சமையலறைக்குள் திரும்பிப் போனாள். தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

"சார்ஜன்ட், நீங்க தேட ஆரம்பிங்க. ஆளுங்க, பைங்க, அலமாரிங்க, எல்லாம்." இன்ஸ்பெக்டர் வக்கீல் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. சுருக்கமா."

வக்கீலுக்குச் சுருக்கம் பழக்கமில்லை, ஆயினும் முயன்றார்.

"ஆறு மணிக்குக் கதவைத் தட்டினேன். அந்தப் பொண்ணு திறந்துச்சு. திறந்த கையோட வெளிய வந்து, கதவைப் பின்னால இழுத்துச் சாத்திக்கிச்சு. உள்ள நடக்கிறதை நான் பார்த்துடக் கூடாதாம். 'கடிகாரம் தயாரா?'ன்னு கேட்டேன். 'மாமா ஆபீஸ்ல இருக்காரு, கால் மணி நேரம் கழிச்சு வாங்க'ன்னுச்சு. மேடம், இந்த மனுஷனுக்கு ஏது ஆபீஸ்? படுக்கிறதும் இங்க, பிழைக்கிறதும் இங்க."

"தவறிச் சொல்லியிருக்கலாம்."

"தவறா? அவர் உள்ளதான் இருக்கார்னு எனக்கு அப்பவே தெரியும். அந்தப் பொண்ணு என் மூஞ்சியைப் பார்த்து 'ஆபீஸ்'னு சொல்லும்போதே உள்ள மணிச் சத்தம் கேட்டுச்சு. கிணுகிணுன்னு, குழந்தை கொலுசு மாதிரி. பூனைக்கு மணிப் பந்து உருட்டுறாருன்னு நினைச்சேன். போன தடவை வந்தப்பவும் அதே சத்தம். ஆள் உள்ள, பேச்சு ஆபீஸ்ல. என்னை வாசலோட துரத்திட்டு, அந்தக் கால் மணி நேரத்துல கை வச்சிருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?"

"மணிச் சத்தம் கேட்டப்ப அவங்க உங்க முன்னாடிதான் நின்னாங்களா?"

"என் மூக்குக்கு முன்னாடி. அதான் சொல்றேனே, எவ்வளவு துணிச்சல் பாருங்க."

இன்ஸ்பெக்டர் தலையசைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். மருமகள் இரண்டு சிறு கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆபீஸ்னு ஏன் சொன்னீங்க?"

"நாங்க அப்படித்தான் சொல்வோம் மேடம்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "மாமா தினமும் ஆறு மணிக்கு வேலையை நிறுத்திட்டு, பின் அறையில பூனைங்களோட... அந்த வார்த்தையை வீட்டுல சொல்லக் கூடாது. காதுல விழுந்தாப் போதும், எங்க இருந்தாலும் ஓடி வந்து காலைச் சுத்தும். அப்புறம் நடத்தாம விட முடியாது. அதனால 'ஆபீஸ்'னு பேர் வச்சோம். பெரியவன் மேனேஜர், சின்னவன் பியூன். மாமா ஆபீஸ் போயிட்டார்னா எங்களுக்கு அர்த்தம் அதுதான். வெளி ஆளுக்குப் புரியாதேன்னு எனக்குத் தோணவே இல்ல. வாய்ப்பழக்கம்."

இன்ஸ்பெக்டர் பணிக்காலத்தில் எத்தனையோ சாக்குகளைக் கேட்டிருக்கிறார். இப்படி ஒன்றைக் கேட்டதில்லை.

"நிஜமாத்தான் சொல்றீங்களா, இல்ல விளையாட்டுக்குச் சொல்றீங்களா?"

ஹாலில் தொப்பென்று ஒன்று குதித்தது, தொடர்ந்து இன்னொன்று. அடுத்த கணம் மேனேஜர் இன்ஸ்பெக்டரின் காலணியின்மேல் முன்னங்கால்களை வைத்து நிமிர்ந்து பார்த்தது. பியூன் அவருடைய கால்சட்டையில் முகத்தைத் தேய்த்தது. இரண்டின் கண்களிலும் தூக்கத்தின் சாயலே இல்லை.

"அந்த வார்த்தைதான் மேடம்," என்றாள் மருமகள்.

"புரியுது." இன்ஸ்பெக்டர் காலை மெதுவாக விடுவித்துக்கொண்டார். "சரி, கதவை ஏன் இழுத்துச் சாத்தினீங்க? பூனைங்கதான் பின் அறையில இருந்ததே."

"கை தானா இழுத்துடும். ஒரு தடவை பியூன் படியிறங்கி ஓடிட்டான். அதுலேர்ந்து யார் வந்தாலும் கதவைப் பின்னால பிடிச்சுக்கிட்டேதான் பேசுவேன்."

"அப்ப ஹாலும் நடையும் உங்க கண்ணுக்குத் தெரியாது."

"தெரியாது. அவர் போனதும் உள்ள வந்தேன். கடை மாமா பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாரு. நான் நேரா சமையலறைக்கு வந்துட்டேன்." அவள் கைத்துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள். "மேடம், வர்ற திங்கட்கிழமை நான் பேங்க்ல கேஷியரா சேரணும். நாலு வருஷம் தேடிக் கிடைச்ச வேலை. நன்னடத்தைச் சான்றிதழுக்கு உங்க ஸ்டேஷன்லதான் எழுதிக் குடுத்திருக்கேன். புகார்ல என் பேர் ஏறிடுச்சுன்னா, அப்புறம் நான் எடுக்கலைன்னு தெரிஞ்சாலும் அந்த நாற்காலியில வேற யாராவது உட்கார்ந்திருப்பாங்க."

"பேர் ஏறணுமா வேண்டாமான்னு நான்தான் முடிவு பண்ணணும். இன்னும் பண்ணலை," என்றார் இன்ஸ்பெக்டர்.

வேலை அறையில் சுவர் முழுதும் கடிகாரங்கள். அவர் உள்ளே நுழைந்து மேசையை நெருங்கியபோது காலடியில் ஏதோ இடறி, கிணுக்கென்று ஒலித்து உருண்டது. குனிந்து எடுத்தார். எலுமிச்சை அளவு பிளாஸ்டிக் பந்து. உள்ளே சிறு மணி. பந்தின் குறுக்கே ஒரு விரிசல். விரிசல் நெடுகப் பசை.

கடிகாரக்காரர் அதை வாங்கித் துடைத்து, மேசையில் கவிழ்ந்திருந்த ஒரு மூடியின்மேல் பொருத்திவைத்தார். "பூனைங்க பந்து. மணி வெளிய வந்துட்டா முழுங்கிடும். மத்தியானம் ஒட்டி, காயட்டும்னு இங்க வச்சேன்."

"இந்த அறைக்குப் பூட்டு?"

"இருக்கு. ஆறு மணிக்குப் பூட்டுறதில்ல, சாத்துறதோட சரி. பூனை உள்ள வந்து ஒரு பல்சக்கரத்தைத் தட்டிவிட்டா, என் ஒரு வாரம் போச்சு. கதவு பூனைக்காகத்தான். மனுஷங்களுக்கு இதுவரைக்கும் தேவைப்படலை."

"பின் அறையில என்ன செஞ்சீங்க? அந்த வார்த்தை இல்லாம சொல்லுங்க."

முதன்முறையாக அவர் முகம் கொஞ்சம் இளகியது.

"அதுல ஒரு ஒழுங்கு இருக்கு மேடம். முதல்ல வேட்டை, அப்புறம் சாப்பாடு, அப்புறம் தூக்கம். வரிசை மாறினா விடிய விடிய என் மார்மேல நடப்பாங்க. சாமானும் தினம் ஒண்ணையே காட்டக் கூடாது, சலிச்சுடும். ஒரு நாள் பந்து, ஒரு நாள் காகிதச் சுருள், ஒரு நாள் குச்சியில கட்டின இறகு. இன்னைக்கு இறகு. ஆனா மனசே வைக்கலை ரெண்டு பேரும். நடுவுல இறகை அப்படியே விட்டுட்டு, கதவுகிட்ட ஓடி, காதை நிமிர்த்திக்கிட்டு உட்கார்ந்துட்டாங்க. இத்தனை வருஷத்துல அப்படிச் செஞ்சதில்ல."

"வாசல்ல தட்டின சத்தத்துக்கா?"

"தட்டினது அதுக்கு முன்னாடி. அதுக்குக் காதைக்கூட அசைக்கலை."

இன்ஸ்பெக்டர் மூடியின்மேல் இருந்த பந்தை ஒரு முறை பார்த்தார்.

ஹாலில் கடைக்காரர் பேசுவதற்குத் தயாராக இருந்தார். பேச்சை விற்றே பாதிப் பொருளை விற்றவர் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

"அக்கா போனதிலேர்ந்து சாயங்காலம் இங்கதான் மேடம். அத்தானுக்கும் பேச்சுத்துணை, எனக்கும் காப்பி. வந்தா இந்த நாற்காலி, இந்தப் பேப்பர். இன்னைக்கு என் மேசைக் கடிகாரத்தை வேற வாங்கிட்டுப் போகணும், அத்தான் சரி பண்ணி வச்சிருந்தாரு." காலடி மூட்டையைச் செல்லமாகத் தட்டினார்.

"காணாமப் போன கடிகாரத்தைப் பார்த்திருக்கீங்களா?"

"பார்க்காம? அது சாதாரணச் சரக்கா? ஜோடியாச் செஞ்சது. ஒரே கை, ஒரே வேலைப்பாடு. அதோட ஜோடி என் வீட்டுலதான் கண்ணாடிப் பெட்டியில இருக்கு. விற்பனைக்கு இல்ல, எனக்கே எனக்கு."

"வக்கீல் வந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கயே. நகரலை. அவ சமையலறையிலேர்ந்து வந்தா, வாசலுக்குப் போனா, கதவைச் சாத்திக்கிட்டா. திரும்பி வந்து நேரா நடைப் பக்கம் போனா. அப்புறம் என்ன பண்ணினான்னு நான் எட்டிப் பார்க்கலை. வீட்டுப் பொண்ணு. நான் ஒண்ணும் சொல்லக் கூடாது."

"சொல்லிட்டீங்களே. அவங்க வாசல்ல நின்னப்ப, வேற யாராவது உங்களைத் தாண்டி நடைக்குள்ள போனாங்களா?"

"ஈ காக்கா போகலை. நான்தான் பார்த்துக்கிட்டே இருந்தேனே."

"ஏதாவது சத்தம்?"

"என்ன சத்தம்... ஆங், பின் அறையில பூனைங்க மணிப் பந்தை உருட்டுற சத்தம். தினமும் கேட்கிறதுதான்."

அப்போது ஏழு மணி அடித்தது. ஒரு கடிகாரம் மட்டுமல்ல; வேலை அறையில் இருந்த அத்தனையும் முன்னும் பின்னுமாக அடித்து ஓய்ந்தன. வேலை அறை வாசலில் நின்ற கடிகாரக்காரர் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். அவர் பார்வை மச்சானின் காலடிக்குப் போயிற்று.

"உங்களுது அடிக்கலையே மச்சான்?"

"போர்வையைச் சுத்தி வச்சிருக்கு அத்தான். எங்கேர்ந்து கேட்கும்?"

"ம்," என்றார் அவர்.

சார்ஜன்ட் ஏழேகாலுக்குத் தேடி முடித்தார். சட்டைப்பைகள், அலமாரிகள், அரிசி டப்பா, பூனைகளின் மணல் தொட்டி எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது.

"அந்த மூட்டை?"

"அவிழ்த்துப் பார்த்தேன் மேடம். உள்ள ஒரு மேசைக் கடிகாரம். அவ்வளவுதான்."

கடிகாரத்தைத் தேடிப் போனவர் கடிகாரத்தைக் கண்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார் என்று இன்ஸ்பெக்டர் நினைத்துக்கொண்டார், சொல்லவில்லை. எல்லாரையும் ஹாலுக்கு அழைத்தார். மருமகள் கடைசியாக வந்து, யாருக்கும் பக்கத்தில் உட்காராமல் சுவரோரம் நின்றாள்.

"வக்கீல் சார், இந்தப் பொண்ணு மேல நீங்க சொன்னது ரெண்டு. ஒண்ணு, ஆபீஸ்னு பொய் சொன்னாங்க. அது பொய் இல்ல, இந்த வீட்டுப் பேச்சு வழக்கு. பூனைங்களே எனக்குச் சாட்சி சொல்லிடுச்சு. ரெண்டாவது, அவர் உள்ள இருக்கார்னு தெரியவச்ச மணிச் சத்தம். அந்தச் சத்தம்தான் இவங்களைக் காப்பாத்துது."

"எப்படி?"

"இன்னைக்குப் பின் அறையில மணியே இல்ல. இவர் காட்டினது இறகு. மணிப் பந்து மத்தியானத்துலேர்ந்து வேலை அறை மேசைமேல பசை காய்ஞ்சுக்கிட்டு இருந்துச்சு. நான் போறப்ப அது தரையில கிடந்துச்சு. தானா இறங்கியிருக்காது. வெல்வெட் தட்டுக்கு நீண்ட ஒரு கை அதைத் தட்டிவிட்டிருக்கு. நீங்க வாசல்ல கேட்டது பூனையோட சத்தம் இல்ல சார், திருட்டோட சத்தம். பூனைங்களும் அதைத்தான் கேட்டுச்சு. தங்களோட பந்து வேற அறையில உருளுதேன்னுதான் இறகை விட்டுட்டு ஓடுச்சு."

இன்ஸ்பெக்டர் தொடர்ந்தார்.

"அந்த நேரத்துல இவங்க எங்க இருந்தாங்க? உங்க மூக்குக்கு முன்னாடி. நீங்களே சொன்னீங்க. இவர் பூனைங்களோட அடைஞ்சு கிடந்தார். வீட்டுல மீதி ஒரே ஆள்."

கடைக்காரர் சிரித்தார். "நல்லா இருக்கு மேடம். மணி கேட்டுச்சு, பூனைன்னு நினைச்சேன். வக்கீலும்தான் நினைச்சாரு. அவரையும் பிடிப்பீங்களா?"

"அவர் சாத்தின கதவுக்கு வெளிய நின்னார். தப்பா நினைக்க உரிமை இருக்கு. நீங்க உட்கார்ந்த நாற்காலிக்கும் வேலை அறைக்கும் நடுவுல கை எட்டுற தூரம். பின் அறை நடையோட கோடியில, கதவு சாத்தி. பக்கத்து அறைச் சத்தத்துக்கும் கோடி அறைச் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாதா? அதையும் விடுங்க. வேலை அறையில மணி அடிச்சப்ப உள்ள ஒரு ஆள் இருந்தாகணும். உங்களைத் தாண்டி ஈ காக்கா போகலைன்னு சொன்னது யாரு?"

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"நீங்க இன்னும் கொஞ்சம் குறைவாச் சொல்லியிருந்தா எனக்குக் கஷ்டமா இருந்திருக்கும். பழியை இவங்க மேல இறக்கிவைக்கிற அவசரத்துல, நடையில வேற யாரும் இல்லைன்னு நீங்களே அடைச்சுட்டீங்க," என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு கடிகாரக்காரரைப் பார்த்தார். "போர்வை சுத்தினா அடிக்கிற சத்தம் கேட்காதா?"

"கேட்கும் மேடம். எடுத்துட்டுப் போறப்ப நிக்காம ஓடட்டும்னு நான்தான் சாவி குடுத்துக் கட்டினேன். அடிக்கலைன்னா, உள்ள சுத்தியலை ஏதோ தடுக்குது."

"திறங்க."

அவர் மூட்டையை அவிழ்த்தார். கடிகாரத்தைத் திருப்பி, பின்பக்கக் கதவின் கொக்கியைத் தள்ளினார். உள்ளே ஒரு கைக்குட்டை சுருட்டித் திணித்திருந்தது. பிரித்தபோது சங்கிலி முதலில் சரிந்தது. பின்னர் கடிகாரம் வந்தது.

கடைக்காரர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜோடியைப் பிரிச்சு வச்சிருந்தாங்க," என்றார் கடைசியில். "எத்தனை தடவை விலைக்குக் கேட்டேன், இந்த மனுஷன் போனை வச்சுட்டாரு. அவருக்கு அது மணி பார்க்கிற சாமான். அவ்வளவுதான்."

"வீட்டுப் பொண்ணு மேல ஏன் மச்சான் கையைக் காட்டினீங்க?" என்று கேட்டார் கடிகாரக்காரர்.

சார்ஜன்ட் கடைக்காரரை எழுப்பி, கையைப் பிடித்துப் படியிறங்க வைத்தார்.

வக்கீல் கடிகாரத்தைக் காதருகே வைத்துப் பார்த்துக்கொண்டு புறப்பட எத்தனித்தார். இன்ஸ்பெக்டர் ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினார்.

"போன்ல இந்தப் பொண்ணு பேரைச் சொல்லித்தான் புகார் குடுத்தீங்க. அதைத் திரும்ப எடுத்துக்கிறதா எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

வக்கீல் வேகமாக எழுதினார், தொழில் அது. இன்ஸ்பெக்டர் வாங்கிப் படித்தார். 'மேற்படி பெண்ணின் மீது எழுந்த சந்தேகம் நீங்கிவிட்டது' என்றிருந்தது.

"இந்த வாக்கியம் சரியில்லையே."

"பிழை எதுவும் இல்லையே மேடம்."

"பிழை இல்ல, ஆள் இல்ல. சந்தேகம் தானா எழுந்திருக்காது. எழுப்பினது யாரு?"

வக்கீல் தாளைப் பார்த்தார். பிறகு 'எழுந்த' என்பதை அடித்துவிட்டு, மேலே 'நான் எழுப்பிய' என்று எழுதினார். 'நீங்கிவிட்டது' என்பதையும் தாமாகவே அடித்து, 'தவறானது' என்று திருத்தினார். இன்ஸ்பெக்டர் அதை மருமகளிடம் காட்டினார். அவள் நின்றபடியே ஒவ்வொரு சொல்லாகப் படித்து, தலையசைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"சான்றிதழ் வெள்ளிக்கிழமை தயாரா இருக்கும். நேர்ல வந்து வாங்கிக்கங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

வக்கீல் போய்விட்டார். இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். அவருக்குப் பின்னால் கடிகாரக்காரர் தொண்டையைச் செருமினார்.

"அந்த நேரத்துல, என் மனசுலயும் ஒரு சந்தேகம் எழுந்துடுச்சும்மா."

"எழுந்துச்சா மாமா?" என்றாள் மருமகள்.

இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்க்காமல் கதவின் பிடியைப் பிடித்தபடி நின்றார்.

"இல்லம்மா," என்றார் அவர். "நான்தான் சந்தேகப்பட்டேன்."

இன்ஸ்பெக்டர் வெளியே வந்து கதவை மெதுவாகச் சாத்தினார்.